சிபில் கார்த்திகேசுவும் தோட்டத்து மருத்துவச்சிகளும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு தாதியின் வாழ்க்கை. அவர் பெயர் சிபில் கார்த்திகேசு. 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் சுமாத்திராவின் மேடான் நகரில் பிறந்தவர், பேராக்கில் வாழ்ந்தவர், 1948-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் 48 வயதில் கண்மூடியவர். தாய் என்கிறோம், மருத்துவச்சி என்கிறோம், கத்தோலிக்க நம்பிக்கையில் ஊறியவர் என்கிறோம், ஜப்பானியர் சித்திரவதைக்குப் பணியாத வீரப்பெண் என்கிறோம். இத்தனையில் எதை முதலில் வைத்து அவரை நினைப்பது? என் முடிவை மறைத்து வைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாம் இதுவரை அவருடைய துன்பத்தையே முன்னால் வைத்து வந்திருக்கிறோம். அவருடைய தொழிலைத்தான் முன்னால் வைத்திருக்க வேண்டும். அவருடைய தாய்மையும் இறைநம்பிக்கையும் அந்தத் தொழிலின் வழியாகத்தான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. அதைப் புரிந்துகொண்டால், இந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களில் அதே தொழிலைச் செய்து, யாருக்கும் தெரியாமல் மறைந்துபோன பெண்களையும் நம்மால் பார்க்க முடியும்.

முதலில் வாழ்க்கையைப் பார்ப்போம். சிபிலின் தாயார் பியாட்ரிஸும் ஒரு மருத்துவச்சி. ஆகவே பிரசவம் பார்க்கும் தொழில் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. ஐரோப்பிய, இந்திய இரத்தம் கலந்த குடும்பம். மகளும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். தைப்பிங்கில் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த ஆறுமுகம் என்ற இளம் மருத்துவரை அவர் மணக்க நினைத்தபோது, மதம் குறுக்கே நின்றது. மாப்பிள்ளை இந்து, பெண் கத்தோலிக்கர். ஆறுமுகம் ஞானஸ்நானம் பெற்று அப்டன் கிளமென்ட் கார்த்திகேசு ஆனார். 1919-ஆம் ஆண்டு ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் புனித யோவான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அந்த ஆண்டே பிறந்த முதல் ஆண் குழந்தை ஒரு நாள்கூட முழுமையாக வாழவில்லை. பிறகு வில்லியம் என்ற சிறுவனைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். 1921-இல் ஓல்கா பிறந்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1936-இல், டோன் பிறந்தார். எத்தனையோ தாய்மார்களின் பிள்ளைகளைக் கையில் ஏந்திய ஒரு மருத்துவச்சியின் சொந்தக் கணக்கு இது: ஒன்றை இழந்தார், ஒன்றை ஏற்றார், இரண்டைப் பெற்றார்.

1926-ஆம் ஆண்டு ஈப்போ புருஸ்டர் சாலை 141-ஆம் எண் கட்டடத்தில் கணவனும் மனைவியும் மருந்தகம் தொடங்கினார்கள். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் மலாயாவில் இறங்கியது 1941 டிசம்பரில். இடையில் ஓடிய ஆண்டுகள் பதினைந்து. அந்தப் பதினைந்து ஆண்டுகளைப் பற்றி நம் மேடைகள் என்ன பேசுகின்றன? ஒரு வரியில் கடந்து போகின்றன. அடி, உதை, தண்ணீர்க் கொடுமை என்று போய்ச் சேர்வதற்கு அவசரப்படுகின்றன. ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான் எல்லாம் இருக்கிறது. ஈப்போ, ஈயச் சுரங்க ஊர்களின் தலைநகரம். நோயாளிகளில் பெரும்பாலோர் சீனர்கள். சிபில் கண்டோனீய மொழியைச் சரளமாகப் பேசக் கற்றிருந்தார். ஒரு சீனத் தாய் பேறுகால வலியில் கிடக்கும்போது, எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, முன்பு எத்தனை பிள்ளைகள் என்று அவளுடைய மொழியிலேயே கேட்கத் தெரிந்த மருத்துவச்சி கையிலே பாதி மருந்தோடு உள்ளே நுழைகிறார். சுரங்கக் கூலியின் மனைவியும் கடைக்காரரின் மனைவியும் அவரிடம் வந்தார்கள். ஓர் ஊரின் நம்பிக்கையை ஒரே நாளில் யாரும் வாங்கிவிட முடியாது. அவர் அதை ஒவ்வொரு பிரசவமாக, ஒவ்வொரு காய்ச்சலாகச் சேர்த்தார்.

பிறகு போர் வந்தது. ஈப்போ விழும் முன்பு குடும்பம் பாப்பான் என்ற சிறிய ஈயச் சுரங்க ஊருக்குப் போனது. அங்கே மெயின் சாலையில் 74-ஆம் எண் கடைவீட்டில் மருந்தகம் மறுபடியும் திறந்தது. வெளியே எப்படிப்பட்ட காலம்? அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக் கிழங்கு சோறாயிற்று, மருந்துக்குப் பஞ்சம், ஆறாப்புண்ணும் மலேரியாவும் ஊரை வாட்டின. பாப்பானைச் சுற்றிய காட்டில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் ஒளிந்திருந்தார்கள். அவர்களுக்கும் காய்ச்சல் வந்தது, அவர்களுக்கும் குண்டு பட்டது. இருட்டிய பிறகு பின்வாசல் வழியாக வந்தவர்களுக்குச் சிபில் மருந்து கொடுத்தார், காயத்தைத் திறந்து குண்டை எடுத்தார். பகலில் முன்வாசலில் வந்தவருக்கு என்ன செய்தாரோ, இரவில் பின்வாசலில் வந்தவருக்கும் அதையே செய்தார். வீட்டில் ஒளித்து வைத்திருந்த வானொலியில் பிபிசி செய்தி கேட்டு, ஜப்பானியர் மறைத்த போர்ச் செய்திகளைப் பிறருக்கும் சொன்னார். 1943-இல் கணவரும் மனைவியும் பிடிபட்டார்கள்.

கெம்பெத்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீஸ் அவரிடம் கேட்டது என்ன? இந்த இடத்தில் நாம் நிதானிக்க வேண்டும். அவர்கள் அவருடைய மதத்தை விடச் சொல்லவில்லை. வாழ்க ஜப்பான் என்று சொன்னால் போதும் என்றும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது பெயர்கள். யார் வந்தார்கள்? யாருக்கு மருந்து கொடுத்தாய்? யார் காட்டுக்குள் மருந்து கொண்டு போனது? அவர் சொல்லவில்லை. நகக்கண்ணில் ஊசி ஏற்றிய போதும் சொல்லவில்லை, வயிறு புடைக்கத் தண்ணீரை ஊற்றிய போதும் சொல்லவில்லை, முதுகெலும்பு சேதமாகி நடக்க முடியாமல் போன பிறகும் சொல்லவில்லை. இதை நாம் வீரம் என்கிறோம், வீரம்தான். ஆனால் இந்த வீரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். தன்னிடம் வந்த நோயாளியைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது தாதித் தொழிலின் பாலபாடம். எந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன நோய், எந்தக் குழந்தை எப்படிப் பிறந்தது, யார் இரவில் வந்து மருந்து கேட்டார் என்று வெளியே சொல்லும் மருத்துவச்சியை எந்த ஊரும் வீட்டுக்குள் விடாது. பதினைந்து ஆண்டுகள் வாயைக் கட்டிய பழக்கம் அது. பத்து காஜா சிறையில் அவர் காத்த மௌனத்தை நான் அந்தப் பழக்கத்தின் நீட்சியாகவே பார்க்கிறேன். ஓர் இரவில் அவருக்குப் புதிய தைரியம் ஒன்று வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒரு தாதி ஒவ்வொரு நாளும் செய்வதை, யாரும் செய்ய முடியாத நிலையிலும் அவர் செய்தார்.

அப்படியானால் இறைநம்பிக்கைக்கு இதில் வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பெரிய வேலை இருக்கிறது. அவர் பிரார்த்தனையை நம்பியவர். தம்மைத் தாங்கியது அந்த நம்பிக்கைதான் என்று அவரே எண்ணினார். அதை மறுக்க எனக்கு உரிமையில்லை, மறுக்க விருப்பமும் இல்லை. நான் சொல்வது வேறு. ஒருவருடைய நம்பிக்கை எப்படிப்பட்டது என்று வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: அந்த நம்பிக்கை நோயாளியின் படுக்கையருகே எப்படி நடந்துகொண்டது? காட்டிலிருந்து வந்த அந்த இளைஞர்களில் பலர் கம்யூனிஸ்டுகள். கடவுள் இல்லை என்றவர்கள். செபமாலை ஏந்திய கைதான் அவர்கள் உடலிலிருந்து குண்டை எடுத்தது. நீ யாரை வணங்குகிறாய் என்ற கேள்வி அந்த மேசையருகே எழவில்லை. நம் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் இல்லாத இடம் உண்டா? பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, இரவெல்லாம் உட்கார்ந்து ஈரத்துணியால் துடைத்துவிட்ட தாய்மார்களை இந்த மண் கண்டிருக்கிறது. நேர்த்திக்கடனும் இருந்தது, ஈரத்துணியும் இருந்தது. சிபிலின் செபமாலையையும் நம் தாய்மார்களின் வேப்பிலையையும் நான் ஒரே வரிசையில் வைப்பது மதங்களைக் கலப்பதற்காக அல்ல. இரண்டு இடத்திலும் பக்தி, கையை வேலைக்கு அனுப்பியது என்று காட்டுவதற்காக.

இனி மறுப்புகளுக்கு வருவோம். சிபிலைப் பற்றிப் பேசும்போது எழும் மறுப்புகள் எளியவை அல்ல. அவற்றைத் தட்டிக் கழிக்கவும் கூடாது. முதலாவதும் மிகக் கடினமானதுமான மறுப்பு தாய்மையைப் பற்றியது. டோனுக்கு அப்போது ஏழு வயதுகூட நிறைந்திருக்கவில்லை, அல்லது அப்போதுதான் நிறைந்திருந்தது. எக்கியோ யோஷிமுரா என்ற விசாரணை அதிகாரி அந்தக் குழந்தையைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி, தாயைப் பெயர் சொல்லச் சொன்னான். தாய் சொல்லவில்லை. குழந்தையே சொல்ல வேண்டாம் என்று கத்தியதாகவும், மேலதிகாரி ஒருவர் குறுக்கிட்டுக் குழந்தையை இறக்கச் செய்ததாகவும் வரலாறு சொல்கிறது. பெற்ற பிள்ளை நெருப்பின் மேல் தொங்கும்போது வாய் திறக்காதவளை நல்ல தாய் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி தவறான ஆளை நோக்கிக் கேட்கப்படுகிறது. குழந்தையைக் கட்டியது தாய் அல்ல. நெருப்பை மூட்டியது தாய் அல்ல. ஒரு குழந்தையின் உயிரா, பலரின் உயிரா என்று தராசைத் தூக்கிப் பிடித்தது தாய் அல்ல. கொடுமை செய்தவனை விட்டுவிட்டு, கொடுமைக்கு ஆளானவளின் தாய்மைக்கு மதிப்பெண் போடுவது நியாயமாகுமா? பெயர் சொல்லியிருந்தால் பிடிபட்டிருப்பவர்கள் யார்? அவர்களும் தாய்மார் பெற்ற பிள்ளைகள். அவர்களில் சிலர் சிபில் கையாலேயே மருந்து வாங்கியவர்கள். அதே வேளையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நிகழ்ச்சியைத் தாய்மார்களுக்கு முன்மாதிரி என்று மேடையில் முழங்குபவர்களோடும் நான் உடன்படவில்லை. எந்தத் தாயும் இப்படி நிற்க வேண்டிய நிலை வரக் கூடாது. இதைப் புகழ்ப்பாட்டாக்கினால் டோன் என்ற அந்தக் குழந்தையின் பயம் நமக்கு மறந்துவிடும். இதைச் சொல்லும்போதெல்லாம் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மறுப்பு அரசியல் பற்றியது. அவர் மருந்து கொடுத்தது கம்யூனிஸ்டுகளுக்கு அல்லவா? பின்னால் இந்த நாட்டைப் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தத்தில் நனைத்தவர்களுக்கு அல்லவா? தேதிகளைப் பாருங்கள். சிபில் இறந்தது 1948 ஜூன் 12. பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டது ஜூன் 16. அடுத்த இரண்டு நாட்களில் மலாயா முழுவதும் அவசரகாலம். அதாவது, யாருக்கு உதவியதற்காகப் பிரிட்டிஷ் அரசு 1947-இல் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளித்ததோ, அதே படையிலிருந்து வந்தவர்கள் அவர் இறந்த அந்த வாரத்திலேயே அதே அரசின் எதிரிகள் ஆனார்கள். அரசுகளின் நட்பும் பகையும் ஒரு வாரத்தில் மாறும். ஒரு தாதி அந்த மாற்றத்தைக் கணித்து மருந்து கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? அவசரகாலத்தின் கொடுமை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை என்பதை இந்த வட சிலாங்கூர் நன்றாக அறியும். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர்கள். காயம்பட்டவன் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் கட்டுப்போட வேண்டுமென்றால், கட்டுப்போடத் தகுதியானவர்களே மிஞ்ச மாட்டார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வானொலி கேட்டுச் செய்தி பரப்பியது தாதி வேலை அல்ல. அது எதிர்ப்பு. முதல் உலகப் போரில் பிரசெல்ஸ் நகரில் எடித் கேவல் என்ற ஆங்கிலத் தாதி, ஒரு பாதிரியாரின் மகள், இரு தரப்புக் காயப்பட்டவர்களையும் பார்த்துக்கொண்டவர், நேசநாட்டு வீரர்கள் தப்பிப் போகவும் உதவினார். அதற்காக 1915 அக்டோபர் 12 அன்று ஜெர்மானியர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரும் மருத்துவமனை எல்லையைத் தாண்டியவர்தான். இரண்டு பேருமே குடிமக்களாகவும் முடிவெடுத்தார்கள். அதை மூடிமறைத்து அவர்களை வெறும் சேவைப் பதுமைகளாக்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல. நான் கேட்பது இதுதான்: பாப்பான் மக்கள் தங்கள் உயிரையே பணயம் வைக்கும் இரகசியத்தை ஏன் அந்த வீட்டுக்குக் கொண்டு போனார்கள்? பணக்காரர் வீடு இருந்தது, படித்தவர் வீடு இருந்தது. மருத்துவச்சியின் வீட்டுக்குத்தான் போனார்கள். அங்கே வாயைக் கட்டிக் காப்பார்கள் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எதிர்ப்புக்கும் அடித்தளம் தொழில்தான்.

மூன்றாவது மறுப்பு இந்த மண்டபத்திலேயே பலர் மனத்தில் இருக்கலாம். அவர் பேராக்காரர்; நகரத்துக்காரர்; மருத்துவரின் மனைவி; ஆங்கிலத்தில் எழுதியவர். கோலசிலாங்கூர்த் தோட்டத்துத் தமிழனுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? இந்த மறுப்புதான் என்னை இங்கே கொண்டுவந்தது. சபாக் பெர்ணமைத் தாண்டி பெர்ணம் ஆற்றைக் கடந்தால் பேராக். ஆனால் நான் ஆற்றின் அகலத்தைப் பற்றிப் பேச வரவில்லை. சிபிலைத் துன்பத்தால் நினைத்தால், அவருக்கும் நமக்கும் தொடர்பில்லை என்பது உண்மையாகிவிடும். பதக்கம் பெறும் அளவுக்குச் சித்திரவதைப்பட்ட மருத்துவச்சிகள் நம்மிடம் இல்லை. தொழிலால் நினைத்தால் நிலைமை தலைகீழாகிறது. அதே வேலையைச் செய்தவர்கள் இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தார்கள்.

இந்த மாவட்டத்து வரலாறு யாரை நினைவில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். பெஸ்தாரி ஜெயாவுக்கு, அன்றைய பத்தாங் பெர்ஜுந்தைக்கு, அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் பெயர் உலகத்துக்குத் தெரியும். 1901-இல் கிள்ளானுக்கு வந்து சதுப்பை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டிய மருத்துவர் மால்கம் வாட்சனின் பெயரும் தெரியும். தெரிய வேண்டியதுதான், அவர் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் தென்னமரத்தில் அந்த 1917-இல், லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், பிரசவ வலி கண்ட பெண்ணின் காலடியில் உட்கார்ந்திருந்த மருத்துவச்சியின் பெயர் என்ன? செம்பனை விதையின் வரலாற்றை ஏட்டில் எழுதினோம். அதே மண்ணில் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவளின் பெயரை எழுதவில்லை.

தோட்டத்து மருத்துவச்சிகளும் ஆயாக்களும் செய்த வேலை என்ன என்று கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு, தப்பு அடிக்கும். தாய் எழுந்து, ஆக்கியதைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றி இருட்டிலேயே ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரக் காட்டுக்குப் போவாள். கொட்டகையில் விட்டத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஆயா பெரும்பாலும் மரம் சீவ முடியாத வயதுக்கு வந்தவர். ஒரு கையால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டு, மற்றக் கையால் இன்னொரு பிள்ளைக்குப் பால் புகட்டுவார். எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று புறங்கையால் தொட்டே சொல்வார். டிரசர் என்ற தோட்டத்து மருத்துவ உதவியாளர் வரும்வரை அந்தப் பிள்ளையை மடியிலிருந்து இறக்க மாட்டார். இரவானால் மருத்துவச்சியின் நேரம். மண்ணெண்ணெய் விளக்கும் வெந்நீரும் கிழிந்த வேட்டித் துணியும். தொப்புள்கொடி அறுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, தாய்க்குப் பூண்டும் மிளகும் போட்ட பத்தியச் சோறு என்னென்ன நாளில் என்று வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, விடிந்தால் அவரும் பெரட்டுக்கு நிற்க வேண்டியவராக இருந்திருக்கலாம். ஊரில் எத்தனை வீட்டு இரகசியம் அவர் நெஞ்சில்! எந்தக் கெம்பெத்தாயும் கேட்கவில்லை, கேட்காமலே காத்தார்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: தோட்டத்து மருத்துவச்சியை நீங்கள் பொன்னாக்கிப் பேசுகிறீர்களே, பயிற்சியில்லாத கைகளால் எத்தனை தாய்மார் செத்தார்கள், எத்தனை பிள்ளைகள் கொடி அறுத்த இடத்தில் சீழ்ப்பிடித்துப் போனார்கள்? நியாயமான கேள்வி. சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 280 தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். இன்று அந்த எண் அதில் சிறு பகுதியே. அதைக் குறைத்தது பழைய பழக்கமல்ல. பயிற்சி பெற்ற மருத்துவச்சியும், சுகாதார நிலையங்களும், 1966-இல் வந்த மருத்துவச்சிகள் சட்டமும், அவசரத்துக்கு ஏற்றிப் போக ஒரு வண்டியும்தான். சிபிலும் பயிற்சி பெற்றவர்தான். பரிவு மட்டும் போதும் என்று அவர் வாழ்க்கை சொல்லவில்லை. ஆனால் பயிற்சி ஏன் தோட்டத்துக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளியும் காப்பிடமும் வேண்டுமென்று சொன்னது. சட்டம் சொன்னது எவ்வளவு நடந்தது என்பதற்கு 1941 சாட்சி. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள். முறையான மருத்துவ வசதி கேட்டார்கள். வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சுடப்பட்டு இறந்தார்கள். சட்டம் வந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் மருந்துக்காகத் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பின் அரசின் கிராமச் சுகாதாரத் திட்டம் கம்பங்களுக்குப் போனபோதும், தோட்டம் தனியார் நிலம், அதன் ஆரோக்கியம் முதலாளியின் பொறுப்பு என்று ஒதுக்கியே வைக்கப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்பியவள்தான் அந்தப் பயிற்சியில்லாத பெண். அவளிடம் குறை இருந்தது; அந்தக் குறை அவளால் வந்ததல்ல. அவளும் இல்லாதிருந்தால் அந்த இரவில் யார் இருந்திருப்பார்கள்?

போர்க்காலத்தில் அந்தச் சுமை இன்னும் கூடியது. சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ் ஆண்கள் கொண்டுபோகப்பட்டார்கள்; ஏராளமானோர் திரும்பவில்லை. லயங்களில் எஞ்சியவர்கள் பெண்கள், முதியவர்கள், பிள்ளைகள். பாப்பானில் சிபில் மருந்துக்குத் திண்டாடிய அதே மாதங்களில், இந்தத் தோட்டங்களில் மருந்தும் இல்லாமல், டிரசரும் இல்லாமல், ஆண் துணையும் இல்லாமல் நோயாளியின் அருகே உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அந்தப் பெண்கள்தான். சிபிலைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், அவர் வாழ்க்கை எழுதப்பட்டது. விடுதலைக்குப் பிறகு பிரிட்டனுக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோகப்பட்டு, தாடைக் காயத்திலிருந்து பரவிய நஞ்சால் உயிர் பிரிவதற்குள், அவர் தம் நினைவுகளைப் பதிவு செய்தார்; அவை 1954-இல் ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற நூலாயின. உடல் 1949-இல் ஈப்போவுக்கு வந்து புனித மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கமானது. ஈப்போவில் அவர் பெயரில் சாலை உண்டு. பாப்பான் 74-ஆம் எண் வீட்டை ஆர்வலர்கள் நினைவில்லமாகக் காத்தார்கள். வீடு இருக்கிறது, நூல் இருக்கிறது, கல்லறை இருக்கிறது. நம் மருத்துவச்சிகளுக்கு என்ன இருக்கிறது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் பல இடங்களில் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. லயங்கள் இடிந்தன, ஆயாக் கொட்டகை இருந்த இடம் எதுவென்று அங்கே பிறந்தவர்களுக்கே அடையாளம் சொல்ல முடியவில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு: ஏடும் இல்லை, படமும் இல்லை, கிழவிகளின் ஞாபகத்தை வைத்து வரலாறு எழுத முடியுமா? முடியும், முறையாகச் செய்தால். பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் என்று தோட்டத்தின் பெயர் இருக்கும். அந்த ஆண்டில் அங்கே பிரசவம் பார்த்தது யார் என்று அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த மூவரைத் தனித்தனியாகக் கேட்டால், மூவர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். 1960-களில் இளம் தாய்மாராக இருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்கியோ தாண்டியோ விட்டார்கள். முதலில் அவர்களிடம் போக வேண்டும். ஆயாக் கொட்டகையில் இருந்தவர் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தவர், அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது யார், கூலி எவ்வளவு, பிரசவத்துக்கு வந்தால் என்ன கொடுத்தார்கள், டிரசரை எப்போது கூப்பிடச் சொன்னார், ஆஸ்பத்திரிக்கு எதில் கொண்டு போனார்கள், காப்பாற்ற முடியாமல் போன பிரசவம் உண்டா, அப்போது என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். நல்லதை மட்டும் கேட்டு எழுதினால் அது துதியாகிவிடும், தவறியதையும் கேளுங்கள். அதே வேளையில் அந்த வீட்டுப் பெண்கள் வெளியே வரக் கூடாது என்று கருதுவதை எழுதாதீர்கள். மருத்துவச்சி காத்ததை நாம் அவிழ்க்கக் கூடாது. இந்தக் கேள்விகளை அச்சிட்ட தாள்கள் மண்டப வாசலில் மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றன. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்.